பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணுக்குத் தெரியாத பிரேக் பைப்

மோட்டார் வாகன ஆய்வாளரை நம்ம ஊரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. "பிரேக் இன்ஸ்பெக்டர்" என்றுதான் பேர். பொருத்தமான பேர் என்றுதான் நானும் ரொம்ப நாளாக நினைத்திருந்தேன், போன மாதம் பழவேற்காட்டில் ஒரு மீன் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கும் வரைக்கும்.

குப்பத்திலிருந்து இறாலும் நண்டும் ஐஸில் போட்டு காசிமேட்டுக்கு ஏற்றிப் போகும் சின்ன லோடு வண்டி அது. பொன்னேரி ரோட்டில் ஒரு வேகத்தடைக்கு முன்னால் டிரைவர் அழுத்தி மிதித்திருக்கிறார். "பெடலு அப்படியே உள்ள போயிடுச்சு சார். ஹேண்ட் பிரேக்கப் புடிச்சு, கியரக் குறைச்சு, எப்படியோ நிறுத்திட்டேன்." எஃப்.சி. ஆகி நாலு மாசம்தான் ஆகியிருந்தது. பின் அச்சுக்குப் போகும் பைப், கிளிப் போட்டிருந்த இடத்தில் பிய்ந்திருந்தது.

இந்த பைப் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். பெரும்பாலான சின்ன வண்டிகளில் இது 4.75 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழாய். சுவர் கனம் சுமார் 0.7 மில்லிமீட்டர். மேலே துத்தநாகப் பூச்சு, சிலவற்றில் பிளாஸ்டிக் பூச்சும் உண்டு. நாம் பெடலை மிதித்தால் உள்ளே இருக்கும் பிரேக் ஆயில் அந்த அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. சாதாரணமாக மெதுவாக மிதிக்கும்போது அழுத்தம் குறைவு. ஆள் குறுக்கே வந்து உயிரே போகிற மாதிரி மிதித்தால் 100 பார் வரைக்கும் போகலாம். கார் டயரில் இருக்கும் காற்று வெறும் 2 பார் சொச்சம்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பாதி அரித்துப்போன பைப் தினசரி ஓட்டத்தில் ஒன்றும் காட்டிக்கொடுக்காது. முழு பலத்தோடு மிதிக்கும் அந்த ஒரு தடவையில்தான் விட்டுப்போகும். அதாவது, எப்போது பிரேக் கட்டாயம் வேண்டுமோ அப்போது.

முழு வண்டியும் பிரேக் இல்லாமல் போகாததற்குக் காரணம், இப்போதைய வண்டிகளில் சர்க்யூட் இரண்டாகப் பிரிந்திருப்பதுதான். ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். ஆனால் பெடல் ஆழமாக இறங்கும், வண்டி நிற்க ரொம்ப தூரம் எடுக்கும். நம்ம டிரைவரைக் காப்பாற்றியது அதுதான்.

பழவேற்காட்டில் ஏன் இவ்வளவு சீக்கிரம் துரு? கடல் காற்று பாதிக் காரணம். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கும் ஊரில் ராத்திரிகள் பெரும்பாலும் அப்படித்தான். மழையே இல்லாவிட்டாலும் உலோகத்தின் மேல் உப்புப் படலம் ஈரமாகவே இருக்கும். மீதிப் பாதி, வண்டியில் ஏற்றும் சரக்கு. ஐஸ் உருகின தண்ணியும் மீனோடு வந்த உப்புத் தண்ணியும் தொட்டியிலிருந்து சொட்டிச் சொட்டி சேசிஸ் மேல், பைப் மேல். கிளிப்புக்கு அடியில் அது தேங்கி நிற்கும். துரு அங்கே சின்னச் சின்னக் குழியாக இறங்கும். வெளியிலிருந்து பார்த்தால் கிளிப்தான் தெரியும்.

எஃப்.சி.யில் என்ன பார்க்கிறார்கள்? சரக்கு வண்டிக்கு 8 வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்கப்புறம் வருஷா வருஷம். கோயம்புத்தூரில் துணி மூட்டை ஏற்றும் வண்டிக்கும் பழவேற்காட்டில் மீன் ஏற்றும் வண்டிக்கும் ஒரே கணக்கு. எஃப்.சி.க்கு முன்னால் வண்டியை டிங்கரிங் பார்த்து, சேசிஸுக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்துக் கொண்டுபோவது வழக்கம். அந்தப் பெயிண்ட் பைப் மேலேயும்தான் விழுகிறது. துரு அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

இதற்கு மாற்றாக மெஷின் சோதனை மையங்களுக்கு மத்திய அரசு 2021-இல் விதி கொண்டுவந்தது. உருளைகள் மேல் சக்கரத்தை ஏற்றி பிரேக் பிடிக்கும் விசையை அளப்பார்கள். நல்ல ஏற்பாடுதான், லஞ்சப் பேச்சுக்கும் கொஞ்சம் இடம் குறையும். ஆனால் வண்டி அங்கே காலியாகத்தான் வரும். காலி வண்டியின் சக்கரம் குறைந்த அழுத்தத்திலேயே பூட்டிக்கொள்ளும், அளவும் அதோடு முடிந்துவிடும். உருளை சொல்வது அன்றைக்குப் பிரேக் பிடித்ததா என்பதைத்தான். பைப் சுவரில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதை அது சொல்லாது.

2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். அந்தப் பேருந்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எஃப்.சி. கொடுத்திருந்தார்கள். உயர் நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது, அந்த வருஷமே பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் வந்தன. அது கண்ணுக்கு முன்னால் இருந்த ஓட்டை. அதையே விட்ட சோதனை கிளிப்புக்கு அடியில் இருக்கும் குழியைப் பிடிக்கும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

வெளிநாட்டில் மட்டும் சரியாக இருக்கிறதா என்றால், பனிக்கு ரோட்டில் உப்புக் கொட்டும் அமெரிக்காவிலும் இதே கதைதான். ஜெனரல் மோட்டார்ஸின் சுமார் 50 லட்சம் வண்டிகளில் பிரேக் பைப் அரிப்பு பற்றி அந்நாட்டு சாலைப் பாதுகாப்புத் துறை விசாரித்தது. 2015 ஏப்ரலில், இது தயாரிப்புக் குறை இல்லை, வயதாகித் தேய்வது என்று சொல்லி மூடிவிட்டது. கூடவே ஓட்டுநர்களுக்கு ஓர் அறிவுரை: அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், பைப்பைப் பாருங்கள். பிரிட்டனின் வருடாந்திரச் சோதனையிலோ எதையும் கழற்றிப் பார்க்க ஆய்வாளருக்கு அனுமதி கிடையாது.

செம்பும் நிக்கலும் கலந்த பைப் போட்டால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடும். வோல்வோ 1970-களிலேயே அதற்கு மாறியது. விலை கூடுதல். (வெறும் செம்புக் குழாய் போடாதீர்கள், அதிர்வில் வெடிப்பு விடும்.) அதுவரை வண்டிக்காரர் செய்யக்கூடியது, லோடு இறக்கினதும் அடியில் நல்ல தண்ணி அடிப்பது. அப்புறம், பிரேக் ஆயில் குறைந்தால் ஊற்றிவிட்டுப் போகாமல் அது எங்கே போனது என்று தேடுவது.

டிரைவர் புது பைப் போட்டதைக் காட்டினார். உப்புத் தண்ணி படாமல் இருக்க, நீளமாக ரப்பர் டியூப் மாட்டி மூடியிருந்தார்.

"அண்ணே, இதுக்குள்ள தண்ணி போனா வெளிய வராதே?"

கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் மீன் அறுக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார்.