கள்ள வில்லையும் கணக்குப் புத்தகமும்

கல்லாவில் ஒரு கள்ள 500 ரூபாய் நோட்டு விழுந்துவிட்டால் நஷ்டம் யாருக்கு? கொடுத்தவர் போய்விட்டார். வங்கிக்குக் கொண்டுபோனால் நோட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு ரசீது தருவார்கள், பணம் வராது. கடைசியாக வாங்கியவர் தலையில்தான் அது விடியும். இது நம் வணிகர்கள் எல்லோரும் அறிந்ததே. ஆனால் தாமே நோட்டு மாதிரி ஒன்றைச் செய்து கொடுத்து, அதைத் தாமே திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தரும் தொழில் ஒன்று உண்டு. அங்கே கள்ளத்தை எப்படிக் காக்கிறார்கள் என்பது நமக்கும் பயன்படும் செய்தி என்பதால் எழுதுகிறோம்.

அமெரிக்காவில் லாஸ் வேகாஸ், அட்லாண்டிக் சிட்டி ஆகிய நகரங்களில் உள்ள கேசினோ எனப்படும் சூதாட்ட விடுதிகளைத்தான் சொல்கிறோம். (சூதாட்டத்திற்கு நாம் பரிந்து பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம், நாம் பார்ப்பது அவர்களுடைய கல்லாவை மட்டுமே.) அங்கே மேசையில் ரொக்கம் வைத்து ஆடுவதில்லை. பணத்தைக் கொடுத்து வட்டமான வில்லைகளை வாங்கிக்கொள்ள வேண்டும். அவற்றை 'சிப்ஸ்' என்பார்கள். நாம் பாக்கெட் போட்டு விற்கும் உருளைக்கிழங்கு சிப்ஸ் அல்ல! ஆட்டம் முடிந்ததும் வில்லையைக் காசாளரிடம் கொடுத்தால் அதற்குரிய டாலர் கிடைக்கும்.

நெவாடா மாநில விதி இந்த வில்லையை விடுதியின் சொத்து என்றே சொல்கிறது. வைத்திருப்பவருக்கு விடுதி பட்டிருக்கும் கடனுக்கு அது ஓர் அடையாளம், அவ்வளவுதான். அதாவது நாம் எழுதிக் கொடுக்கும் கைச்சீட்டு மாதிரி. கைச்சீட்டில் நம் கையெழுத்தை ஒருவன் போட்டுக் கொண்டுவந்தால், ஏமாறுவது நாம்தானே? ஆகவேதான் இவ்வளவு காவல்.

முதல் காவல் வில்லையிலேயே இருக்கிறது. பெரும்பாலும் 39 மில்லிமீட்டர் குறுக்களவு. விடுதியின் பெயர், ஊர், மதிப்பு ஆகியவை பொறித்திருக்கும். ஓரத்தில் பல நிறத் துண்டுகள் பதித்திருப்பார்கள். வில்லைகளை அடுக்கி வைத்தால் அவை கோடு கோடாகத் தெரியும்; நடுவில் ஒன்று மாறியிருந்தாலும் மேலேயுள்ள கேமராவுக்கே தெரிந்துவிடும். புற ஊதா விளக்கில் மட்டும் தெரியும் மை, பூதக்கண்ணாடியில் மட்டும் படிக்கக்கூடிய எழுத்து என்று மேலும் சில. 2005-ல் திறக்கப்பட்ட வின் லாஸ் வேகாஸ் விடுதி, வில்லைக்குள்ளேயே ரேடியோ அலையால் படிக்கக்கூடிய சிறு சில்லைப் புதைத்து வைத்தது.

ஆனாலும், அச்சிலும் நிறத்திலும் உள்ள காவலைவிட எண்ணிக்கையில் உள்ள காவலே பெரிது என்பது நம் கருத்து. மேசையில் வில்லை குறைந்தால் காசாளர் அறையிலிருந்து வரவழைக்க வேண்டும். அதற்கு ஒரு சீட்டு உண்டு. காவலர் கொண்டுவருவார், மேசைப் பணியாளர் கேமராவின் கீழ் பரப்பி எண்ணுவார், மேற்பார்வையாளரும் கையெழுத்துப் போடுவார். வேலை முறை மாறும்போது மறுபடி இருப்பு எடுப்பார்கள். யாராவது 5,000 டாலர் வில்லையை நீட்டினால், காசாளர் உடனே பணத்தை எண்ணித் தந்துவிட மாட்டார். 'இன்னார் அங்கே ஆடினாரா, வென்றாரா?' என்று மேசைப் பக்கம் விசாரிப்பார். பெரிய தொகைக்குக் காசோலை வந்தால் நாம் ஒரு போன் போடுவதில்லையா?

இந்த இருப்புக் கணக்குதான் ரோட் ஐலண்டைச் சேர்ந்த ஒரு கள்ளனைக் காட்டிக் கொடுத்தது. நகைத் தொழில் தெரிந்தவர் அவர். இயந்திரத்தில் போட்டு ஆடும் உலோக டோக்கன்களை அச்சு அசலாகச் செய்தார். கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் விடுதிகள் இருப்பு எடுத்தபோது, தாங்கள் செய்யச் சொன்னதைவிட அதிக டோக்கன் இருந்தது. சரக்கு குறைந்தால் திருட்டு என்று நினைப்போம். கூடினால் மகிழ்ந்து சும்மா இருந்துவிடுவோம். அவர்கள் அப்படி இருக்கவில்லை. 1996-ல் அட்லாண்டிக் சிட்டியில் ஆள் பிடிபட்டார்.

அட்லாண்டிக் சிட்டி இருக்கும் நியூ ஜெர்சி மாநிலத்தில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒவ்வொரு விடுதியும் வேறு நிறத்தில் இரண்டாவது வில்லைத் தொகுதி ஒன்றைப் பூட்டி வைத்திருக்க வேண்டும். கள்ளம் புகுந்ததாகச் சந்தேகம் வந்தால் முதல் தொகுதியை மேசையிலிருந்து எடுத்துவிட்டு இதை இறக்குவார்கள்.

வில்லையைச் செல்லாததாக்குவதும் உண்டு. 2010 டிசம்பரில் லாஸ் வேகாஸின் பெல்லாஜியோ விடுதியில், ஹெல்மெட் அணிந்த ஒருவன் துப்பாக்கியைக் காட்டி 15 லட்சம் டாலர் மதிப்புள்ள வில்லைகளை அள்ளிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பறந்தான். எல்லாம் அசல் வில்லைகள். விடுதி என்ன செய்தது? 25,000 டாலர் வில்லை 2011 ஏப்ரலுக்குப் பிறகு செல்லாது என்று அறிவித்தது. நேர்மையாக வைத்திருந்தவர்கள் வந்து மாற்றிக்கொள்ளலாம். திருடனால் வர முடியுமா? விற்கப் பார்த்து, மாறுவேடத்திலிருந்த போலீஸ்காரரிடமே பேரம் பேசி மாட்டிக்கொண்டான். (2016 நவம்பரில் நாம் பட்ட பாடு வாசகர்களுக்கு நினைவு வரலாம். நெவாடாவில் நிறுத்திய வில்லைகளை மாற்றிக்கொள்ளக் குறைந்தது 120 நாள் அவகாசம் தர வேண்டும் என்று விதி.)

இத்தனை இருந்தும் ஓர் இடத்தில் கோட்டை விட்டார்கள். 2014 ஜனவரியில் அட்லாண்டிக் சிட்டியின் போர்கட்டா விடுதியில் பெரிய சீட்டாட்டப் போட்டி நடந்தது. நுழைவுக் கட்டணம் 560 டாலர். பரிசு குறைந்தது 20 லட்சம் டாலர் என்று அறிவித்திருந்தார்கள். போட்டி வில்லைகளைக் காசாளரிடம் கொடுத்துப் பணமாக்க முடியாது. அவை வெறும் புள்ளிகள். பணமாகாத பொருளை யார் கள்ளமாகச் செய்யப் போகிறார்கள் என்ற நினைப்பு இருந்திருக்க வேண்டும். ஆனால் புள்ளி கூடினால் பரிசு கூடும் அல்லவா? ஓர் ஆட்டக்காரர் 8,00,000 புள்ளி மதிப்புள்ள 160 கள்ள வில்லைகளை நடுவில் நுழைத்துவிட்டார்.

27 பேர் மிஞ்சியிருந்த நிலையில் போட்டி நிறுத்தப்பட்டது. பயந்துபோன அந்த ஆள், தாம் தங்கியிருந்த ஹாராஸ் விடுதி அறையின் கழிப்பறையில் மீதி வில்லைகளைப் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார். குழாய் அடைத்துக்கொண்டது. கீழ் அறையில் தண்ணீர் சொட்டுகிறது என்று புகார் போய், பிரித்துப் பார்த்தால் உள்ளே கள்ள வில்லைகள்! அவற்றின் முகமதிப்பு 27 லட்சம்.

அவர் அகப்பட்டுவிட்டார். ஆனால் ஒழுங்காகக் கட்டணம் கட்டி ஆடித் தோற்றவர்களுக்கு என்ன பதில்? யார் யார் அந்த வில்லைகளால் தோற்றார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மாநில அதிகாரிகள், பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய 2,143 பேருக்கும் 560 டாலரைத் திருப்பித் தரச் சொன்னார்கள். கடைசி 27 பேருக்கும் மீதிப் பரிசு சமமாகப் பிரிக்கப்பட்டது. முதல் பரிசுக்குக் காத்திருந்தவருக்கு அது பெரிய ஏமாற்றம்தான். குற்றவாளிக்கு 2015-ல் 5 ஆண்டு சிறை. போர்கட்டாவுக்கு 4,63,540 டாலர் ஈடு கட்ட வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. அதோடு, ஹாராஸ் விடுதியின் குழாயைப் பழுதுபார்த்த செலவு 9,455 டாலரையும் அவர் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள்.