இணையவழி ஆலோசனைக்குத் தாமதமாகிவிட்டால்

நேரில் வரும்போது அரை மணி நேரம் முன்னதாகவே வந்து அமர்ந்துவிடும் நோயாளர்களே, காணொளி ஆலோசனைக்குப் பத்து நிமிடம் தாமதமாக இணைவதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். பெரும்பாலும் இதற்குக் காரணம் அலட்சியமன்று. இணைப்புக்கான குறுஞ்செய்தி வெளியூரிலிருக்கும் மகனின் கைபேசிக்குச் சென்றிருக்கும். செயலி அந்நேரம் பார்த்துப் புதுப்பிக்கச் சொல்லும். வீட்டில்தானே இருக்கிறோம் என்ற எண்ணத்தில் இவற்றுக்கு எவரும் நேரம் ஒதுக்குவதில்லை.

தாமதத்தைவிட எங்களைக் கவலைகொள்ளச் செய்வது வேறொன்று. நேரம் கடந்துவிட்டதே, மருத்துவர் கடிந்துகொள்வாரோ என்ற தயக்கத்தில் சிலர் இணையாமலேயே விட்டுவிடுகின்றனர். மருந்து மட்டும் பழைய அளவிலேயே தொடர்கிறது. செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டு வார்ஃபரின் உட்கொள்பவரை எண்ணிப் பாருங்கள். இரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையின் முடிவைக் கொண்டே அம்மருந்தின் அளவை நிர்ணயிக்கிறோம். அளவு மிகுந்தால் இரத்தக்கசிவு ஏற்படலாம். குறைந்தால் வால்வில் இரத்தம் உறையலாம். பரிசோதனை முடிவு வீட்டு மேசையின் மேல் கிடக்க, அதைப் பற்றிய உரையாடல் நிகழாமற்போனால் பரிசோதனை செய்தும் பயனில்லை. இன்சுலின் அளவைப் படிப்படியாக மாற்றி வருபவர்களுக்கும் இது பொருந்தும்.

ஆகவே, தாமதமானாலும் இணையுங்கள்; இயலாவிடில் முன்பதிவுப் பிரிவுக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள். அடுத்தவரை முதலில் பார்த்துவிட்டு உங்களைப் பின்னர் அழைக்க முயல்வோம். ஐந்து நிமிடமே எஞ்சியிருக்குமாயின், தாமதத்திற்கான காரணத்தை விளக்குவதில் அதைச் செலவிட வேண்டா. புதிதாகத் தோன்றிய தொல்லை, தவறவிட்ட மருந்து, பரிசோதனை முடிவு ஆகியவற்றை முதலில் சொல்லுங்கள். மாத்திரை அட்டைகள் கையருகே இருக்கட்டும். 'காலையில் ஒரு வெள்ளை மாத்திரை' என்று சொன்னால் எங்களால் எதையும் முடிவு செய்ய இயலாது. மாத்திரைகளில் பெரும்பாலானவை வெள்ளைதான். நேரத்தை ஈடுகட்டுவதற்காக, வண்டி ஓட்டிக்கொண்டே இணைவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவ்வாறு இணைவோரிடம் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டே பேசத் தொடங்குகிறோம்.

அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவோர் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. 2020 மார்ச் 25 அன்று இந்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளின்படி, அதே மருத்துவரை அதே நோய்க்காக நேரில் கண்ட 6 மாதங்களுக்குள் நிகழ்வதே தொடர் ஆலோசனையாகும். அக்காலம் கடந்துவிட்டால் அது முதல் ஆலோசனையாகக் கருதப்படும். தொடர் ஆலோசனையில் எழுதித்தரக்கூடிய மருந்துகள் சிலவற்றை அப்போது காணொளி வழியே எழுதித்தர இயலாது. அவற்றுக்காக நீங்கள் நேரில் வர நேரிடும்.

இணைப்புக்காகக் காத்திருக்கும் வேளையில் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, திடீரெனப் பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் ஆலோசனை நேரத்தைப் பார்த்திராமல் 108-ஐ அழையுங்கள். பக்கத்தில் இருப்பவர் பின்னர் எங்களுக்குத் தெரிவித்தால் போதும்.