விசாரியாமல் விதித்த தண்டனை

கண்ணகி என்றவுடன் தமிழ் மக்களின் மனக்கண் முன் எழுவது ஒரே காட்சிதான். விரித்த கூந்தலும், கண்ணீர் பெருகும் முகமும், கையிலேந்திய ஒற்றைச் சிலம்புமாகப் பாண்டியன் அவையில் நின்று ஒரு பெண் நீதி கேட்கும் காட்சி அது. நாடக மேடை அதைக் காட்டிற்று. பேசும் படமும் அதையே காட்டிற்று. 1968-ம் ஆண்டில் இரண்டாவது உலகத் தமிழ் மகாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் நாட்டப்பெற்ற சிலையும் சிலம்பேந்திய அக்கோலத்தையே நமக்கு நினைவூட்டி நிற்கிறது. அக்காட்சியில் உள்ளம் உருகாத தமிழரில்லை. கொட்டகையில் கை தட்டாதவருமில்லை.

கை தட்டும் அன்பர்களை ஒரு கேள்வி கேட்க விரும்புகிறோம். பாண்டியன் செய்த குற்றம் யாது? "குற்றமற்ற ஒருவனைக் கொன்றான்" என்று பெரும்பாலோர் விடை கூறுவர். அது குற்றத்தின் விளைவேயன்றிக் குற்றமாகாது. குற்றம் அதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. கோவலன் மெய்யாகவே திருடியிருந்தாலும் பாண்டியன் செய்தது குற்றமே என்பது நமது துணிபு. காவியத்தை ஊன்றிப் படிப்போர்க்கு இது எளிதில் விளங்கும். படக்காட்சியை மட்டும் கண்டோர்க்கு விளங்காமற் போகலாம். ஆகையால் சற்று விரித்துரைக்கிறோம்.

கொலைக்களக் காதையில் நடப்பது என்ன? கோவலன் சிலம்பு விற்க மதுரைக் கடைவீதிக்கு வருகிறான். எதிரே வந்த அரண்மனைப் பொற்கொல்லனிடம் அதைக் காட்டுகிறான். அரசியின் சிலம்பை முன்னமே கவர்ந்து வைத்திருக்கும் அக்கொல்லன், தன் குடிசையருகே அவனை இருக்கச் செய்துவிட்டு அரண்மனைக்கு விரைகிறான். அங்கே அரசன் அவையில் இல்லை. ஆடல் மகளிரின் கூத்தில் மன்னன் மனம் சென்றதாகக் கருதி, தலைநோவென்று சொல்லி எழுந்து போன தேவியின் ஊடலைத் தீர்க்க அந்தப்புரம் சென்றுகொண்டிருக்கிறான். வாயிலில் கொல்லன் அடி பணிந்து, சிலம்பைத் திருடிய கள்வன் தன் குடிசையில் இருப்பதாகக் கூறுகிறான். அரசன் நின்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. காவலரைக் கூவியழைத்து, அவன் கையில் சிலம்பு இருக்குமாயின் அவனைக் கொன்று அதனைக் கொண்டுவருமாறு ஆணையிட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறான்.

சட்டம் பயின்றோர் இவ்வாணையைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். குற்றம் சாட்டியவன் எவனோ அவனே ஒரே சாட்சி. அச்சாட்சியோ வழக்கில் சொந்த ஆதாயமுள்ளவன். கையில் சிலம்பு இருப்பது ஒன்றே போதிய ருசு. அது எவருடைய சிலம்பு என்ற கேள்வியே எழவில்லை. தண்டனையைத் தீர்மானித்த நீதிபதியின் கருத்து வேறிடத்தில் இருந்தது. தண்டனையை நிறைவேற்றும் இடத்துக்கு அச்சாட்சியே வழிகாட்டியாகப் போகிறான். எல்லாவற்றிலும் கொடியது ஒன்றுண்டு: தன் மீது ஒரு குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது என்பதையே கோவலன் அறியான். அரசன் ஏவலால் சிலம்பைக் காண வந்தவர்கள் என்றே காவலரைப் பற்றி அவனிடம் சொல்லப்படுகிறது.

அக்காவலரிலும் மனிதர் இருந்தனர். கோவலனைக் கண்டதும் இவன் கள்வனல்லன் என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. உடனே பொற்கொல்லன் நகைத்துவிட்டு, மந்திரம், மருந்து முதலாகக் கள்வர் கைக்கொள்ளும் எட்டு உபாயங்களைப் பற்றி நீண்ட பிரசங்கம் செய்கிறான். சந்தேகம் தோன்றிய இடத்தில் அச்சம் விதைக்கப்படுகிறது. அவர்கள் பேசிக்கொண்டிருக்கையிலேயே கல்வியறிவற்ற குடியன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கொலை முடிந்தது. "இது உன் சிலம்பா?" என்று அந்த வணிகனைக் கேட்டார் ஒருவருமில்லை.

இனி வழக்குரை காதைக்கு வருவோம். பெயரே ஆழ்ந்த பொருளுடையது. கணவனைக் கேளாமல் முடித்த வழக்கு, மனைவியின் வாயால் மீண்டும் நடக்கிறது. இம்முறை முறைப்படி நடக்கிறது. வாயிலோன் அறிவிக்கிறான், அரசன் அழைக்கிறான், யார் நீ என்று கேட்கிறான். அவள் தன் ஊரையும், குடியையும், கணவன் பெயரையும், தன் பெயரையும் கூறுகிறாள். கள்வனைக் கொல்வது செங்கோலுக்கு முரணன்று என்று அரசன் தன் தரப்பை உரைக்கிறான். அதற்கு அவள் சாபத்தால் விடை கூறவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். தம் சிலம்பின் பரல் முத்து என்கிறான் அரசன். அவனே சான்றுப் பொருளைத் தருவித்து அவள் முன் வைக்கிறான். அவள் உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது. வழக்கு முடிந்தது.

இவ்வளவும் காவியத்தில் மிகச் சுருக்கமாக நடந்தேறுகிறது. இங்கேதான் காவியமும் படமும் வழி பிரிகின்றன. 1942-ம் ஆண்டில் ஜூபிடர் பிக்சர்ஸார் வெளியிட்ட "கண்ணகி"யில் இளங்கோவன் எழுதிய வசனங்களைக் கண்ணாம்பா பேசினார். 1964-ம் ஆண்டில் வெளிவந்த "பூம்புகா"ரில் திரு. மு. கருணாநிதியின் வசனங்களை விஜயகுமாரி பேசினார். இரண்டும் தமிழ்ப் பேச்சின் வலிமையைப் பாமரர்க்கும் உணர்த்திய படங்கள். அவற்றின் பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. ஆயினும் கொட்டகையை விட்டு வெளியே வந்தவர் நெஞ்சில் நின்றது எது? கண்ணகியின் குரல். அவளுடைய சினத்தின் முன் அரசன் வீழ்ந்தான் என்ற எண்ணமே நிலைத்தது. இளங்கோவடிகளோ அவனைச் சான்றின் முன் வீழ்த்துகிறார். இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று.

பாண்டியன் நெடுஞ்செழியன் என்ற பாத்திரத்தின் உயர்வும் இதனால்தான் மறைந்துபோயிற்று. கையில் படையும் காவலும் உள்ள மன்னன், தனித்து வந்த ஒரு பெண்ணின் சான்றை ஏற்கிறான். பொற்கொல்லன் மீது பழியைப் போட்டுத் தப்ப முயலவில்லை. ஊழென்று சொல்லி ஆறுதல் தேடவுமில்லை. கொல்லன் சொல்லைக் கேட்ட தானே கள்வன் என்று தன் வாயால் தீர்ப்புக் கூறி, அத்தீர்ப்பின்படியே உயிர் துறக்கிறான். ஆகவேதான் வஞ்சிக் காண்டத்தில் தெய்வமாய்த் தோன்றும் கண்ணகி, பாண்டியன் மேல் குற்றமில்லை என்றும், தான் அவனுக்கு மகள் என்றும் கூறுகிறாள். தன் கணவனைக் கொல்வித்தவனைத் தந்தையென்று கொள்ளும் இவ்விடம் உலக இலக்கியத்திலேயே அரியது. பிழை செய்த அரசனை அறம் விடாது என்பதைக் காட்டப் புகுந்த அடிகள், பிழையை ஒப்புக்கொண்ட அரசனை அறம் கைவிடாது என்பதையும் உடன் காட்டிவிட்டார்.

ஆனால் காவியம் இன்னொன்றையும் நமக்குச் சொல்லுகிறது. அதை நாம் பெரும்பாலும் படிப்பதில்லை. நெடுஞ்செழியனுக்குப்பின் கொற்கையிலிருந்து ஆண்ட வெற்றிவேற்செழியன், பத்தினித் தெய்வத்தின் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்பது அச்செய்தி. ஆயிரம் பேர்! சிலம்பைத் திருடியவன் ஒருவன். மற்றவர்கள் செய்த குற்றம் அவன் தொழிலைச் செய்தது. அவர்களை விசாரித்தார் யார்? கோவலனுக்கு இழைத்த அநீதிக்குப் பரிகாரமாக அதே அநீதி ஆயிரம் மடங்காக இழைக்கப்பட்டது. சினத்தை நீதியென்று மயங்கும் அரசு எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிடப் பயங்கரமான உதாரணம் வேண்டுமா? கண்ணகியைப் போற்றுவோர் இந்த ஆயிரவரையும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

இவையெல்லாம் பழங்கதையல்லவா என்று வாசகர் கேட்கலாம். 2019-ம் ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி ஹைதராபாத் அருகே நடந்ததைச் சிந்திப்போமாக. ஓர் இளம் பெண்ணைப் பலாத்காரம் செய்து கொன்று எரித்ததாகக் கைது செய்யப்பட்ட நால்வர், நியாயஸ்தலத்தில் விசாரணை நடக்கு முன்பே போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அப்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை எண்ணி நாடே கொதித்திருந்த சமயம் அது. போலீஸார் மீது ஜனங்கள் மலர் தூவினார்கள். சுப்ரீம் கோர்ட் அமைத்த நீதிபதி வி. எஸ். சிர்புர்கர் கமிஷன், கொல்லும் நோக்கத்துடன் வேண்டுமென்றே அவர்கள் சுடப்பட்டனர் என்று முடிவு கூறியது. 2022-ம் ஆண்டு மே மாதத்தில் அவ்வறிக்கை வெளியாயிற்று; மலர் தூவிய சந்தடியில் பாதிகூட அதற்கு எழவில்லை. அந்நால்வர் குற்றவாளிகளா அல்லரா என்பது இங்கே கேள்வியன்று. அவர்களே குற்றவாளிகளென்று நாட்டுக்கு அறிவித்தவர்கள் எவரோ, அவர்கள் கையிலேயே துப்பாக்கியும் இருந்தது. பொற்கொல்லன் கையில் வாளையும் கொடுத்தால் எப்படியிருக்கும்? அப்படித்தான் இருந்தது.

கொட்டகையில் கண்ணகிக்குக் கை தட்டி, வீதியில் பொற்கொல்லனுக்கு மலர் தூவுவது எவ்வகைத் தமிழ்ப் பண்பு? சினிமாவும் இதற்கு ஒருவாறு பொறுப்பாளியே. விசாரணையின்றிச் சுட்டுத் தள்ளும் போலீஸ் அதிகாரியைக் கதாநாயகனாக்கிய படங்கள் தமிழில் பல. ஆயினும் மாற்று மருந்தும் அங்கிருந்தே வந்தது. மு. சந்திரகுமார் தம் சொந்த அனுபவத்தைக் கொண்டு எழுதிய "லாக்கப்" என்ற நாவலை ஆதாரமாக வைத்து வெற்றிமாறன் இயக்கி, 2016-ம் ஆண்டில் இங்கே திரைக்கு வந்த "விசாரணை"யைக் குறிப்பிடுகிறோம். பிழைப்புத் தேடி ஆந்திரத்துக் குண்டூருக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் சிலர், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளுமாறு அடிக்கப்படுகிறார்கள். வேற்றூர், திருட்டுக் குற்றச்சாட்டு, முன்னமே முடிவு செய்துவிட்ட அதிகாரம். இவர்கள் கோவலனின் வழித்தோன்றல்களல்லரோ? அவர்கள் சொல்வதை நியாயஸ்தலத்தில் ஒருவர் மொழிபெயர்த்துச் சொன்னவுடன் நீதிபதி விடுதலை செய்கிறார். ஒரு முறை காது கொடுத்துக் கேட்டதே போதுமாயிருந்தது. பின்னர், கேட்பார் யாருமில்லாத இடத்தில் அவர்கள் மாள்கிறார்கள். நீண்ட வசனமில்லை, சாபமில்லை, எரியும் நகரமுமில்லை. ஆயினும் சிலப்பதிகாரத்தின் மையப் பொருளை இக்காலத்தில் நெருங்கித் தொட்ட படம் இதுவேயென்று சொல்லத் துணிகிறோம்.

நமது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு, சட்டம் வகுத்த முறைப்படியன்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறித்தலாகாது என்கிறது. அம்முறை நியாயமும் நேர்மையும் உடையதாயிருத்தல் வேண்டும் என்று 1978-ம் ஆண்டில் மேனகா காந்தி வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கியது. மறு தரப்பையும் கேள் என்பது மேனாட்டுச் சட்டத்திலிருந்து வந்த இரவல் சரக்கு என்று சிலர் எண்ணுகிறார்கள். அக்கொள்கைக்காக ஒரு காவியத்தையே தமிழன் முன்னம் எழுதி வைத்திருக்கிறான் என்பதை அவர்கள் உணரவேண்டும்.

ஆகவே நமது அரசியல் தொண்டர்களுக்கு ஒன்று சொல்லுவோம். கண்ணகி விழாக்களை நடத்துங்கள், நடத்துவது நன்று. ஆனால் உங்கள் ஊர் ஸ்டேஷனில் ஒருவன் அடைக்கப்பட்டான் என்று கேள்விப்படும் நாளில், அவன் நல்லவனா கெட்டவனா, நம் கட்சியா எதிர்க் கட்சியா என்று ஆராய்வதற்கு முன், "அவனைக் கேட்டார்களா?" என்று கேளுங்கள். நம் மனத்துக்கு மிகவும் வெறுப்பான மனிதன் விஷயத்திலும் அக்கேள்வியை உரக்கக் கேட்கத் துணிவோமாயின், சிலப்பதிகாரத்தைப் படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்ள நமக்குத் தகுதியுண்டு.