நொய்யல் கரையில் ஒரு பனியன் நகரம்

நீங்கள் அணிந்திருக்கும் பனியனின் ஓரத்தைப் பிடித்துச் சற்று இழுத்துப் பாருங்கள். நன்றாக நீண்டு கொடுக்கிறது. விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. இப்போது உங்கள் சட்டைத் துணியை அதே போல் இழுங்கள். அது இடம் கொடுப்பதில்லை. இரண்டும் பருத்தி நூல்தான். பிறகு ஏன் இந்த வேறுபாடு? விடை காண, வாருங்கள், திருப்பூருக்குச் சென்று வருவோம்.

கோயம்புத்தூருக்கும் ஈரோட்டுக்கும் இடையில், நொய்யல் ஆற்றின் இரு கரைகளிலும் பரந்து கிடக்கிறது இந்த நகரம். இரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் அருகிலேயே குமரன் நினைவிடம். சென்னிமலையில் பிறந்த குமரன், 1932 ஜனவரியில் இந்நகரத் தெருவில் நடந்த ஊர்வலத்தில் தடியடிபட்டு, கொடியை விடாமல் பிடித்தபடியே வீழ்ந்தார். அக்காலத்தில் திருப்பூர் கதருக்குப் பெயர் பெற்ற ஊர். பனியன் நெய்யும் எந்திரங்களும் 1920-களிலேயே இங்கு வந்துவிட்டன. 1970-களின் இறுதியில் வெளிநாட்டு வணிகர்கள் இவ்வூரைத் தேடி வரத் தொடங்கினர். 2024-25இல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்.

ஒற்றை நூலின் வேலை

பனியன் ‘நெய்யும்’ எந்திரம் என்று பேச்சு வழக்கில் சொன்னோம். உண்மையில் பனியன் நெய்யப்படுவதில்லை, பின்னப்படுகிறது. தறியில் பாவு நூல் நெடுக்காகவும் ஊடை நூல் குறுக்காகவும் செல்கின்றன. இரண்டும் விறைப்பாக நிற்பதால் துணி நீள்வதில்லை. பின்னலில் நூல் வளைந்து ஒரு கண்ணி ஆகிறது. அந்தக் கண்ணிக்குள் அடுத்த கண்ணி நுழைகிறது. துணியை இழுக்கும்போது நீள்வது நூலன்று. வளைந்த கண்ணிகள் நிமிர்கின்றன. விட்டதும் மீண்டும் வளைகின்றன. ஒரு பூதக் கண்ணாடியை வைத்துப் பாருங்கள், வரிசை வரிசையாகக் கண்ணிகள் தெரியும்.

கையால் செய்துவந்த இவ்வேலையை எந்திரத்தால் செய்ய முடியும் என்று 1589இல் காட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் லீ. இன்று திருப்பூரில் ஓடுவது வட்டப் பின்னல் எந்திரம். நூற்றுக்கணக்கான கொக்கி ஊசிகள் ஓர் உருளையைச் சுற்றி ஏறி இறங்க, துணி ஒரு நீண்ட குழாய் போலக் கீழே இறங்குகிறது. இத்துணியை மீட்டர் கணக்கில் அல்ல, கிலோ கணக்கில் எடை போட்டுத்தான் வியாபாரம் செய்கிறார்கள். இழுத்தால் நீளும் பொருளை அளவுகோலால் எப்படி அளப்பது!

இதன் பிறகு கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று வேலை கைமாறிக் கைமாறிச் செல்கிறது. பிற மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்தோர் பலர் இங்கு உழைக்கின்றனர்.

சாயத்துக்கு ஏன் உப்பு?

எந்திரத்திலிருந்து வரும் துணிக்கு நிறம் ஏற்றுவது சாயப்பட்டறையில். அங்கே மூட்டை மூட்டையாக உப்பு அடுக்கியிருப்பதைக் கண்டு நீங்கள் வியப்படையலாம். காரணம் இதுதான். தண்ணீரில் நனைந்த பருத்தி இழை சிறிதளவு எதிர் மின்னூட்டம் பெறுகிறது. சாய மூலக்கூறுகளும் எதிர் மின்னூட்டம் உடையவை. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? எனவே சாயம் இழையை நெருங்காது. உப்பைக் கரைத்தால் அதிலுள்ள சோடியம் அயனிகள் இடையே புகுந்து அந்த விலக்கத்தைக் குறைக்கின்றன. சாயம் இழையில் படிகிறது. பின்னர் சோடா உப்பைச் சேர்த்ததும் இழையோடு வேதிப் பிணைப்பு கொள்கிறது.

அடர்ந்த நிறங்களுக்கு ஒரு லிட்டர் சாயநீரில் 60 முதல் 80 கிராம் உப்பு தேவைப்படலாம். கடல்நீரிலேயே லிட்டருக்கு 35 கிராம்தான்! சாயத்தின் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்போ துணியில் தங்குவதில்லை. கழிவு நீரோடு வெளியேறிவிடுகிறது.

ஆறு உப்பாயிற்று

அந்த நீர் பல ஆண்டுகள் நொய்யலில் கலந்தது. திருப்பூருக்குக் கீழே பாசனத்துக்காக 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. அணைக்கு அருகில்தான் கொடுமணல் இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மணிகள் செய்தும் இரும்பு உருக்கியும் வாழ்ந்த ஊர் அது. தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், நூல் நூற்ற தக்களிகளும் அங்கே மண்ணுக்கடியில் கிடைத்துள்ளன. அத்தனை காலம் தொழிலையும் பயிரையும் சேர்த்தே வளர்த்த ஆறு, சில பத்தாண்டுகளில் பாசனத்துக்கு உதவாமல் போயிற்று.

உப்பு நீர் பயிரை எப்படிக் கெடுக்கிறது? வேர்ச் செல்லின் சவ்வு வழியே, உப்பு குறைந்த மண்ணீர் உப்பு மிகுந்த செல்லுக்குள் செல்கிறது. இது சவ்வூடு பரவல். மண்ணில் உப்பு மிகுந்தால் இந்த ஓட்டம் தடைப்படும். நிலம் ஈரமாக இருந்தும் பயிர் தாகத்தால் வாடும்.

விவசாயிகள் நீதிமன்றத்தை நாடினர். கழிவை ஒரு துளியும் வெளியே விடக்கூடாது என்றும், அதற்கு வழி செய்யாத பட்டறைகள் மூடப்பட வேண்டும் என்றும் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அவற்றை நம்பியிருந்த குடும்பங்கள் வருமானம் இழந்து தவித்தன.

அதே தத்துவம், தலைகீழாக

வழி காட்டியதும் சவ்வூடு பரவல்தான். உப்பு நீரின் பக்கத்திலிருந்து பெரும் அழுத்தம் கொடுத்தால் ஓட்டம் திசை மாறும். நீர் மட்டும் சவ்வைக் கடந்து நல்ல நீராக வெளிவரும், உப்பு பின்தங்கும். இதற்கு எதிர்ச் சவ்வூடு பரவல் என்று பெயர். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் முதலில் நுண்ணுயிர்களைக் கொண்டு அழுக்கை நீக்கிவிட்டு, பிறகு நீரை இந்தச் சவ்வுகளின் வழியே செலுத்துகிறார்கள். கிடைக்கும் நீர் மீண்டும் சாயப்பட்டறைக்கே போகிறது.

எல்லாவற்றையும் காய்ச்சி ஆவியாக்கிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். 30 டிகிரியிலுள்ள ஒரு கிராம் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கலோரி போதும். ஆனால் அதை ஆவியாக்க மேலும் 540 கலோரி வேண்டும். எரிபொருளுக்கு எங்கே போவது? ஆகவே சவ்வு முதலில் பெரும் பங்கு நீரைப் பிரித்துவிடுகிறது. எஞ்சும் கடும் உப்பு நீரை மட்டுமே ஆவியாக்குகிறார்கள். அதிலிருந்து பிரித்தெடுத்த உப்பும் மறுபடி சாயத்துக்குப் பயன்படுகிறது. ஆயினும் எதற்கும் பயன்படாத கலப்பு உப்பு ஒரு பங்கு மிஞ்சுகிறது. அது கொட்டகைகளில் சேர்ந்துகொண்டே போகிறது. அதை என்ன செய்வது என்பதும், உப்பே இல்லாமல் சாயமேற்றுவது எப்படி என்பதும் உங்களைப் போன்ற இளம் வேதியியலாளர்களுக்குக் காத்திருக்கும் கேள்விகள்.

செய்து பாருங்கள்

ஓர் உருளைக்கிழங்கை ஒரே கனமுள்ள இரண்டு வில்லைகளாக நறுக்குங்கள். ஒன்றை வெறும் தண்ணீரிலும், மற்றதை இரண்டு தேக்கரண்டி உப்புக் கரைத்த தண்ணீரிலும் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து எடுத்து வளைத்துப் பாருங்கள். எது விறைப்பாக இருக்கிறது? எது துவண்டுவிட்டது? துவண்ட வில்லையும் தண்ணீருக்குள்தான் கிடந்தது. ஒரத்துப்பாளையத்துப் பயிர் ஏன் வாடியது என்பதை அதைக் கையில் வைத்தே உங்கள் தம்பி தங்கையருக்கு விளக்கலாம்.