இருபதோடு எழுந்திரு!

போன ஆடி மாதம் ஒரு ராத்திரி. என் சின்னப் பிள்ளைக்கு ஜுரம். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், கையில் போன். "அம்மா, தண்ணி" என்று இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறான். எனக்குக் காதில் விழவில்லை. அடுத்த அறையிலிருந்து என் கணவர் எழுந்து வந்து கொடுத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதற்காகப் போனைப் பரணில் போட்டுவிட முடியுமா? மஸ்கட்டில் இருக்கும் தங்கையும், கோலம் போடும் சிநேகிதிகளும் எழுதுவது மாஸ்டடானில்தான். 2016-ல் ஜெர்மனியில் ஓர் இளைஞர் தொடங்கியது அது. விளம்பரத் தொல்லை கிடையாது. ஆனால் போனில் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும், அடியே கிடையாது.

காலேஜில் படிக்கும் மகளிடம் சொல்லி அழுதேன். "உனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் காட்டற மாதிரி நீயே ஒண்ணு எழுதிக்கோம்மா" என்றாள். பத்தாவதோடு நின்ற நானா!

'லுவா' என்ற மொழியை அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். 1993-ல் பிரேசிலில், ரியோ டி ஜெனிரோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் உருவாக்கியது. லுவா என்றால் போர்ச்சுகீசிய பாஷையில் நிலா. மனப்பாடம் செய்ய இருபத்துச் சொச்சம் சொற்கள்தான். சாமான்களை வைக்க 'டேபிள்' என்று ஒரே ஒரு பெட்டி, நம் அஞ்சறைப் பெட்டி மாதிரி. எண்ணுவதும் நம்மைப் போல ஒன்றிலிருந்து!

வேலை இவ்வளவுதான். மாஸ்டடான் கணக்கின் அமைப்புகளில் 'டெவலப்மென்ட்' என்ற பகுதி இருக்கிறது. அங்கே 'படிக்க மட்டும்' என்று அனுமதி போட்டு ஒரு நீளமான ரகசியச் சொல் வாங்கினோம். அது பீரோ சாவி மாதிரி. யாரிடமும் கொடுக்கக் கூடாது. லுவாவுக்குத் தானாக இணையத்துக்குப் போய்வரத் தெரியாது. அதனால் 'கர்ல்' என்ற இன்னொரு நிரலை அனுப்பி, "20 பதிவு மட்டும் கொடு" என்று கேட்டோம். மூட்டையாக வந்ததை ஓர் இலவசத் துணைக் கோப்பு பிரித்து டேபிளில் அடுக்கியது. எழுதியவர் பெயரையும் பதிவையும் மட்டும் எடுத்து, பிரவுசரில் ஒரு பக்கமாகத் திறந்தோம்.

ஒரு இடத்தில் நன்றாக மாட்டிக்கொண்டேன். பதிவுக்கு முதல் 100 எழுத்து போதுமென்று வெட்டினேன். இங்கிலீஷ் சரியாக வந்தது. தங்கை எழுதிய தமிழோ பாதியில் அறுந்து, கடைசியில் ஒரு கேள்விக்குறி முழித்தது. "'அம்மா'ன்னு கொடுத்து நீளம் கேளும்மா" என்றாள் மகள். கேட்டேன். 15 என்றது! நமக்கு மூன்றெழுத்து. கம்ப்யூட்டருக்கோ அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறி. குறிக்கு மூன்று பைட். லுவா பைட்டைத்தான் எண்ணுகிறது. நான் குறியின் நடுவிலேயே கத்தி வைத்திருக்கிறேன்!

"குறியா எண்ணறதுக்குத் தனி வழி இருக்கும்மா" என்று அவள் தேட ஆரம்பித்தாள். எனக்கு வேறொன்று தோன்றியது. வார்த்தைக்கு வார்த்தை நடுவே இடைவெளி இருக்கிறதே, அங்கே வெட்டினால் என்ன? வெட்டினேன். ஒரு எழுத்துகூட உடையவில்லை. மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சகோதரிகளே, அதற்கே இந்தப் பாடு தகும்!

மொத்தம் எழுபது வரிகூட இல்லை. போனிலிருந்த செயலியை எடுத்துவிட்டேன். காலை காபிக்குப் பிறகு, மகளின் பழைய லேப்டாப்பில் ஒரே ஒரு தடவை. இருபதாவது பதிவுக்குக் கீழே நானே ஒரு வரி போட்டு வைத்திருக்கிறேன்: "முடிந்தது. எழுந்திரு."

இன்னமும் சில ராத்திரி கை தானாகப் போனைத் தேடுகிறது. பொய் சொல்வானேன்? ஆனால் பிள்ளை கூப்பிட்டால் இப்போது முதல் தடவையே காதில் விழுகிறது.