சேற்றுக் கிருமியும் மூட்டு வீக்கமும்

வயலிற் சேறு மிதிப்போர் அனைவரும் ஒரே மண்ணிலேயே நிற்கின்றனர். எனினும், அம்மண்ணிலுள்ள கிருமியால் ஒருவர் முழங்கால் வீங்கிப் படுக்கையில் விழ, அயல் வயலில் வேலை செய்பவர் நலமாயிருக்கின்றார். இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது என்பதைக் கமக்காரர் அறிந்திருத்தல் வேண்டும்.

ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒருவகைப் பற்றீரியா மெலியோய்டோசிஸ் என்னும் நோயை உண்டாக்குகின்றது. மழைக்காலத்திலே இந்நோய் மிகும். தோலிலுள்ள கீறல், வெடிப்பு ஆகியவற்றின் வழியாகவும், கொதிக்க வைக்காத நீரைப் பருகுவதாலும், கடும் மழைக்காற்றிற் பறக்கும் திவலைகளைச் சுவாசிப்பதாலும் கிருமி உடலினுட் புகும். அது பெரும்பாலும் நுரையீரலைத் தாக்கும். குருதிவழியே பரவி ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும். சிலருக்கு மூட்டினுட் சீழ் பிடிக்கும். முழங்கால் மூட்டே இவ்வாறு அதிகமாகப் பாதிக்கப்படுவது.

1912 ஆம் ஆண்டில் இரங்கூன் நகரிலே விற்மோர், கிருஷ்ணசுவாமி என்னும் இருவர் இந்நோயை முதன்முதலாக விவரித்தனர். அவர்கள் கண்ட நோயாளருட் பலர் மோர்பியா ஊசிக்கு அடிமையாகி உடல் நலிந்தவர்கள். இலங்கையில் 1927 ஆம் ஆண்டிலேயே ஒரு நோயாளர் பற்றி எழுதப்பட்டுள்ளது.

கிருமியை எதிர்க்கும் காவற்படை நம் குருதியிலுள்ள வெள்ளணுக்களாகும். நாள்தோறும் அருந்தும் சாராயமும் கசிப்பும் அவை கிருமியை விழுங்கி அழிக்கும் வல்லமையைக் குறைக்கின்றன. கட்டுப்படுத்தாத நீரிழிவும் அவ்வாறே செய்யும். சிறுநீரகம் பழுதுற்றால், வெளியேற வேண்டிய கழிவு நஞ்சுகள் குருதியிலே தங்கி அக்காவலை மேலும் தளர்த்தும். ஈயம், கட்மியம் போன்ற உலோகங்கள் நெடுங்காலம் உடலிற் சேர்ந்தாற் சிறுநீரகத்தைக் கெடுப்பன. புகையிலைப் புகை நுரையீரலைப் பழுதாக்கும். ஆகவே, நஞ்சு தானே மூட்டை வீங்கச் செய்வதில்லை. கிருமி புகுவதற்குக் கதவைத் திறந்து விடுகின்றது. நல்ல உடல்நலம் உள்ளோருக்கும் இந்நோய் வரலாம். ஆயினும், மேற்கூறிய குறைபாடுடையோரையே அது பெரிதும் பற்றும்.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை:

1. சேற்றில் இறங்கும்போது இறப்பர்ச் சப்பாத்தும், மண் அளையும்போது கையுறையும் அணிக.

2. காயங்களை நீர்புகாவண்ணம் மூடுக. வேலை முடிந்ததும் கைகால்களைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக.

3. கொதித்தாறிய நீரையே பருகுக. பூச்சிநாசினி இருந்த கலன்களில் நீர் எடுத்தல் கூடாது.

4. மருந்து தெளிக்கும்போது உடலையும் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்க.

5. மதுவையும் புகையையும் விலக்குக. நீரிழிவு உடையோர் மருந்தைத் தவறாது உட்கொள்க.

காய்ச்சலுடன் ஒரு மூட்டு வீங்கிச் சிவந்து நோகுமாயின், எண்ணெய் தடவியும் பற்றுப்போட்டும் நாட்களைக் கழித்தல் ஆகாது. சீழ் பிடித்த மூட்டு சில நாட்களிலேயே அழியத் தொடங்கும்; உயிருக்கும் ஆபத்து நேரலாம். உடனே வைத்தியசாலைக்குச் சென்று, தாம் வயலில் வேலை செய்பவர் என்பதையும் வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். சாதாரணமாகக் கொடுக்கப்படும் சில மருந்துகள் இக்கிருமியைக் கொல்லா. குருதியையோ சீழையோ வளர்ப்புச் சோதனை செய்தே நோய் உறுதிப்படுத்தப்படும். ஊசி மருந்தின் பின் மாதக்கணக்கில் மாத்திரை உட்கொள்ள நேரும். சுகம் கண்டதும் இடையில் நிறுத்தினால் நோய் மீண்டும் தலைகாட்டும்.

மண்ணிலுள்ள கிருமியை நாம் ஒழிக்க முடியாது. தோலையும் உடலையும் காத்துக்கொள்வது நம் கையிலேயே உள்ளது.