அன்றாட ஆங்கிலமும் நம் அங்கத்தினரும்

பாலாற்றின் இரு மருங்கிலும் வாழும் நம் மக்களுக்கு அயல்மொழி புதிதன்று. ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரையில் தோல் ஷாப்புகள் நிறைந்த இவ்வட்டாரத்தில் தமிழும் உருதுவும் தெலுங்கும் நெடுங்காலமாக ஒரே கடைத்தெருவில் புழங்கி வருகின்றன. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் உருது எழுத்தில் ஓர் எழுத்தும் அறியாத தொழிலாளர் பலர் உருதுவில் தாராளமாக உரையாடுகின்றனர். வேலூரில் 1900-ஆம் ஆண்டில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே படுக்கையோடு தொடங்கிய சிறு மருந்தகம் இன்று கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியாக ஓங்கி நிற்கிறது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் அங்கு வருவோருக்காகச் சுற்றுப்புறக் கடைக்காரர்களும் விடுதிக்காரர்களும் வங்காளியும் ஹிந்தியும் பேசப் பழகிக்கொண்டார்கள். இவர்களுக்கு யாரும் பள்ளி வைத்துக் கற்பிக்கவில்லை. வயிற்றுப்பாடு கற்பித்தது, காது கேட்டது, நாக்குப் பழகியது.

இத்தகைய மக்கள் ஆங்கிலம் என்றவுடன் மட்டும் அஞ்சி ஒதுங்குவானேன்? காரணம் எளிது. உருதுவை நாம் காரியம் முடிப்பதற்காகக் கற்றோம். ஆங்கிலத்தைப் பரீட்சைக்காகக் கற்றோம். முன்னதில் பிழை நேர்ந்தால் எதிரில் இருப்பவர் சிரித்துவிட்டு விலையைச் சொல்வார். பின்னதில் பிழை நேர்ந்தால் சிவப்பு மையால் கோடு விழும். கோட்டுக்கு அஞ்சிய நாக்கு வாயைத் திறக்க மறுக்கிறது. பத்து வருஷம் ஆங்கிலம் படித்த பிள்ளை ரயில் நிலையத்தில் ஒரு வழி கேட்கக் கூசுவதற்கு அறிவுக் குறைவு காரணமன்று என்பதே நம் அபிப்பிராயம்.

கடைசி இடைத்தரகர்

இவ்விஷயத்தைச் சங்க இதழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நூலுக்கும் துணிக்கும் இடையே நின்று லாபம் உண்டவரை விலக்கவே நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. விளைச்சலுக்கும் சந்தைக்கும் இடையே நின்றவரை விலக்கவே விவசாயக் கூட்டுறவு எழுந்தது. ஆயினும் இடைத்தரகர் ஒருவர் இன்னும் மீந்திருக்கிறார். அவர் பேச்சுத் தரகர். கண்காட்சியில் குடியாத்தத்துக் கைலியைக் கையில் எடுத்துப் பார்க்கும் வெளிநாட்டார் அதை நெய்தவரிடம் ஏதோ கேட்கிறார். நெய்தவர் பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கிறார். பக்கத்தில் நிற்பவர் விடை சொல்கிறார், விலையும் சொல்கிறார், விலாசச் சீட்டையும் அவரே வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். நெய்தவர் கையில் மிஞ்சுவது துணி மட்டுமே.

தோல் தொழிலிலும் நிலைமை மாறிவிட்டது. முற்காலத்தில் ஆவாரம் பட்டையிட்டுப் பதனிட்ட நம் தோல் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரோடு கப்பலேறி லண்டன் ஏலத்துக்குச் சென்றது. அப்போது கடிதம் எழுதத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும். 1973-இல் மத்திய சர்க்கார் பச்சைத்தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைப்பதத் தோலின் ஏற்றுமதிக்கும் வரம்பு கட்டியது. அதன் பின்னரே முழுப்பதத் தோலும் காலணி மேல்பாகமும் முழுக் காலணியும் இங்கேயே செய்யும் வழக்கம் பெருகிற்று. ஷூ கம்பெனிகளில் பெண்கள் பெருந்தொகையாக வேலைக்கு அமர்ந்தனர். தறி ஓடும் வீடுகளிலும் கழனி உள்ள வீடுகளிலும் ஒரு மகளோ மருமகளோ இன்று அவ்வேலைக்குச் செல்வது சகஜமாகிவிட்டது. வாங்குவோரின் பரிசோதகர் இப்போது தையல் எந்திரத்தின் அருகிலேயே வந்து நிற்கிறார். அவர் கேட்கும் கேள்விக்கு இரண்டு வாக்கியம் விடை கூறத் தெரிந்தவரே மேற்பார்வையாளர் நாற்காலிக்கு எண்ணப்படுகிறார். கை நேர்த்தியில் அவரினும் மேம்பட்டவர் தையல் எந்திரத்தை விட்டு எழ வழியில்லை.

சொல் இருக்கிறது, வாக்கியம் இல்லை

நம் மக்களிடம் ஆங்கிலச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கட்டிங், ஸ்டிச்சிங், லைனிங், அப்பர், சோல், பினிஷிங், ஆர்டர், சாம்பிள், லோடு, பில், அட்வான்ஸ் என்று எண்ணத் தொடங்கினால் எழுதப் படிக்க அறியாதவரிடமும் சில நூறு சொற்கள் தேறும். குறைவது அவற்றைக் கோத்துப் பேசும் முறையே. நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊடை எவ்வளவு இருந்தாலும் பாவு ஓட்டாமல் துணி வாராது. சொல் ஊடை, வாக்கிய அமைப்பே பாவு.

அந்தப் பாவும் அதிக நீளமுடையதன்று. 1930-இல் ஆக்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர் 850 சொற்களைக்கொண்டு அன்றாட விஷயம் அனைத்தையும் சொல்லிவிடலாம் என்று ஒரு திட்டம் வகுத்து, அதற்கு ‘பேஸிக் இங்கிலீஷ்’ என்று பெயரிட்டார். அந்த 850-இல் வினைச்சொற்கள் 18 மட்டுமே. கம், கோ, கிவ், கெட், டேக், புட், மேக், கீப், ஸீ, ஸே, ஸெண்ட் போன்றவை அவை. இத்திட்டம் முழு மொழிக்கு ஈடாகாது என்பது உண்மையே. எனினும் தொடங்குபவர் எதை முதலில் பற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்கு இது நல்ல வழிகாட்டி.

சென்னை ராஜ்யத்திலேயே பெரியதொரு முயற்சி நடந்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1959-இல் ராஜ்ய சர்க்காரும் பிரிட்டிஷ் கவுன்சிலும் சேர்ந்து, 27,000 ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் புதுமுறையைப் பயிற்றுவிக்கும் இயக்கத்தைத் தொடங்கின. சிலரைப் பழக்கி, அவர்கள் பலரைப் பழக்கி, அப்பலர் மேலும் பலரைப் பழக்குவது என்பது ஏற்பாடு. உருள உருளப் பருக்கும் பனிப்பந்து போன்றது என்பதால் ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. ஒரு சமயத்தில் ஒரே வாக்கிய அமைப்பு, முதலில் வாய்ப்பழக்கம் என்பது அம்முறையின் சாரம்.

ஆனால் வகுப்பில் பிழையின்றிச் சொன்ன வாக்கியம் வெளியில் வேண்டியபோது வாயில் வருவதில்லை என்ற குறை பிற்பாடு புலப்பட்டது. இதற்கு மாற்றுத் தேடியவர் சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு ஆவார். 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னை முதலிய சில ஊர்களிலும் அவரும் அவரோடு சேர்ந்த ஆசிரியர்களும் வேறொரு வழியைச் சோதித்தனர். இலக்கண அமைப்பை வரிசையாகப் புகட்டுவதை விட்டு, ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் முதலியவற்றைப் பிள்ளைகள் முன் வைத்து, ஒரு காரியத்தை ஆங்கிலத்திலேயே யோசித்து முடிக்கச் செய்தனர். கருத்து காரியத்தில் இருக்கையில் மொழி தானே படியும் என்பது அவர்கள் கொள்கை. ‘பெங்களூர்த் திட்டம்’ என்று உலகெங்கும் மொழி ஆசிரியர்கள் அதனைப் பேசுகின்றனர். நம் ஆம்பூர்த் தொழிலாளி உருது கற்ற வழியும் ஏறத்தாழ இதுவே அன்றோ!

எங்கே இடறுகிறோம்?

பேச்சு ஆங்கிலத்தில் தமிழர் வழக்கமாக இடறும் இடங்கள் சில உண்டு. இவற்றை முன்னரே அறிந்துகொண்டால் பொருள் நஷ்டமும் மனத்தாங்கலும் தவிரும்.

முதலாவது, எண். ‘பிஃப்டீன்’ என்பது பதினைந்து. ‘பிஃப்டி’ என்பது ஐம்பது. காதில் இரண்டும் ஒன்றுபோல் விழும். பதின்மூன்று, முப்பது முதலிய எண்களிலும் இதே மயக்கம் உண்டு. ஆகவே விலை பேசும்போது எண்ணைச் சொன்னபின் ‘ஒன் பைவ்’ அல்லது ‘பைவ் ஜீரோ’ என்று இலக்கத்தைப் பிரித்து மறுமுறை சொல்லுதல் நலம். லட்சம், கோடி என்பவை வெளிநாட்டாருக்கு விளங்கா. ஒரு லட்சத்தை ‘ஹண்ட்ரட் தௌசண்ட்’ என்றே சொல்லவேண்டும். தேதியில் அமெரிக்கர் மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் வைப்பர். ஆதலின் மாதத்தை எண்ணால் குறியாமல் பெயரால் சொல்வதே பத்திரம்.

இரண்டாவது, ஆம் என்றும் இல்லை என்றும் கூறுதல். ‘நூல் வரவில்லையா?’ என்று கேட்டால் நாம் ‘ஆமாம், வரவில்லை’ என்போம். ஆங்கிலத்தில் வரவில்லை எனில் ‘நோ’ என்றே விடை சொல்லவேண்டும். அங்கே ‘எஸ்’ என்றால் நூல் வந்துவிட்டது என்று பொருளாகிவிடும். இந்த ஒரு சொல்லால் சரக்கு அனுப்பும் தவணையே தவறிப்போகக்கூடும். சந்தேகம் இருப்பின் ‘எஸ்’, ‘நோ’ இரண்டையும் விட்டு, ‘யார்ன் ஹாஸ் நாட் கம்’ என்று செய்தியையே முழுமையாகச் சொல்லிவிடலாம்.

மூன்றாவது, மரியாதை. தமிழில் ‘வா’ என்றும் ‘வாருங்கள்’ என்றும் வினைச்சொல்லின் முடிவிலேயே மரியாதை தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் யாவர்க்கும் ‘யூ’ ஒன்றே. ‘வாருங்கள்’ என்று பணிவோடு எண்ணிக்கொண்டு ‘கம் ஹியர்’ என்று நாம் சொன்னால், கேட்பவருக்கு அது அதட்டலாகப் படும். ‘ப்ளீஸ் கம்’, ‘மே ஐ ஸீ?’, ‘குட் யூ வெயிட்?’ என்ற மூன்று முறைகளைப் பழகிக்கொண்டால் அன்றாட மரியாதைக்குப் போதும்.

நான்காவது, ஒலி. பை, முதுகு, பொட்டலம் ஆகிய மூன்றுக்கும் உரிய மூன்று ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்தில் ‘பேக்’ என்றே எழுதவேண்டி வருகிறது. ஆதலால் தமிழ் எழுத்தில் அச்சிட்ட ஆங்கிலப் பாடப் புத்தகம் வழிதுணையாகுமே தவிர, குருவாகாது. காதால் கேட்டே கற்கவேண்டும். இன்று செல்பேசியில் ஒரு சொல்லை வேண்டிய மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கும் வசதி உண்டு. அதனை வீண்பொழுதுக்கு மட்டும் விட்டுவைப்பானேன்?

இவை அனைத்தினும் முக்கியமானது ஒன்றுண்டு. புரியாதபோது புரிந்ததுபோல் தலையசைத்தல் கூடாது. ‘ஐ டூ நாட் அண்டர்ஸ்டாண்ட்’, ‘ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி’, ‘ப்ளீஸ் ஸே இட் அகெய்ன்’, ‘ப்ளீஸ் ரைட் இட்’ என்னும் இந்நான்கு வாக்கியங்களே முதற் பாடமாதல் வேண்டும். வேறொன்றும் கல்லாவிடினும் இவை நான்கும் அறிந்தவர் எளிதில் ஏமாறமாட்டார்.

சங்கம் செய்யக்கூடியது

1844-இல் இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 28 தொழிலாளர் கூடிக் கூட்டுறவுக் கடை திறந்தனர். அவர்களில் நெசவாளரும் இருந்தனர். பிற்பாடு தங்கள் ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரை பாகத்தை அங்கத்தினர் கல்விக்கென்று அவர்கள் ஒதுக்கினர். கல்வி என்பது கூட்டுறவுக் கொள்கைகளுள் ஒன்றாக இன்றளவும் உலகெங்கும் போற்றப்படுகிறது. ஆகவே மாலை வேளையில் சங்கக் கட்டிடத்தில் ஒரு பேச்சு வகுப்பு நடத்துவது சங்கத்தின் கடமைக்குப் புறம்பான காரியமன்று.

முப்பது நாளில் ஆங்கிலம் என்று சுவரில் விளம்பரம் ஒட்டுவோரிடம் கூலிப் பணத்தைக் கட்டுமுன் அங்கத்தினர் சற்றே யோசிக்க வேண்டுகிறோம். பத்துப் பேர் கூடி, நாளொன்றுக்கு அரைமணி நேரம், மூன்று மாதம் பழகினால் போதும். செலவு மிகச் சொற்பம். கல்லூரியில் படிக்கும் அங்கத்தினர் பிள்ளைகள் நம் ஊர்களில் இல்லாமல் இல்லை. வேலூர் ஊரீஸ் கல்லூரி 1898 முதலும், வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919 முதலும் இவ்வட்டாரத்துக்குக் கல்வி வழங்கி வருகின்றன. அத்தகைய கல்லூரிகளில் பயிலும் பிள்ளை ஒருவர் வாரத்தில் இரண்டு மாலை வந்து உட்கார்ந்தாலே வகுப்பு நடந்துவிடும்.

பாடத்துக்குப் புத்தகமும் வேண்டாம். ஒரு நாள் சங்கத்துக் கைலியை நடுவில் வைத்து, ஒருவர் வாங்குபவராகவும் ஒருவர் விற்பவராகவும் பேசட்டும். நீளம், நிறம், சாயம் போகுமா போகாதா, விலை, தவணை ஆகியவை அன்றைய பாடம். மற்றொரு நாள் ஒரு கூடை முள்ளுக் கத்தரிக்காயை வைத்துக்கொள்ளலாம். பிறிதொரு நாள் பஸ் அட்டவணை. ஷூ கம்பெனிக்குச் செல்லும் பெண்கள் அங்கு அன்று காதில் விழுந்த ஒரு கேள்வியைக் கொண்டுவரலாம். ஒரு விதி மட்டும் கண்டிப்பாக இருக்கவேண்டும்: பிழை கண்டு யாரும் நகைத்தல் ஆகாது. வகுப்பில் பெண்களை முன்வரிசையில் அமர்த்துவதும், வயதானவர்களைக் கூச்சமின்றிச் சேர்த்துக்கொள்வதும் நிர்வாகிகளின் பொறுப்பு.

ஆங்கிலம் பேசுவதே அறிவு என்று நாம் சொல்ல வரவில்லை. கணக்கும் யோசனையும் தாய்மொழியிலேயே தெளிவாக நடக்கும். சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகம் தமிழிலேயே இருக்கவேண்டும். நாம் வேண்டுவது ஒன்றே. தன் கையால் நெய்த துணிக்கும், தன் நிலத்தில் விளைந்த பொருளுக்கும், தான் தைத்த காலணிக்கும் உரிய விலையை அங்கத்தினர் தம் வாயாலேயே சொல்லவேண்டும். அடுத்த பொதுக்குழுவில் மாலை வகுப்புக்கு ஒரு தீர்மானம் கொண்டுவரும்படி ஒவ்வொரு சங்கத்தையும் கேட்டுக்கொள்கிறோம். முதல் நாள் பத்துப் பேர் வந்தால் போதும். மற்றவர் தாமே வருவர்.